மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? என் பவளத் தொட்டிக்கு சம்ப் போட்ட அனுபவம்

போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் ஹால் அமைதியாக இருந்தது. மீன்தொட்டி உள்ள வீட்டில் அந்த அமைதி நல்லதல்ல. பம்ப் சத்தம் இல்லை, குளிர்பதனப் பெட்டியின் முனகலும் இல்லை. மின்பெட்டியைத் திறந்தால், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் கீழே விழுந்து கிடந்தது. கைப்பேசியில் பார்த்தேன். வீட்டு வைஃபை காலை 9.40-க்கே அறுந்திருக்கிறது. அப்போது மணி ஏழு.

மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஆனால் எல்லாம் உயிரோடு இருந்தன. சுவிட்சை மேலே தள்ளினேன். கேனிஸ்டர் ஃபில்டர் இரண்டு முறை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. குழாய் வழியாகப் பழுப்பு நிறத்தில் தண்ணீர் வந்தது, கூடவே அழுகிய முட்டை நாற்றம். ஓடிவிட்டதே என்ற நிம்மதியில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை பங்காய் கார்டினல் மீன் மணலில் கிடந்தது. இரண்டு க்ளீனர் இறால்களும் செத்துப்போயிருந்தன. அம்மோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) காட்டியது. ஒரே தலையாக வாங்கி நான்கு தலையாக வளர்த்த டார்ச் பவளம் அந்த வாரத்துக்குள் கரைந்து போனது.

என்ன நடந்தது என்று பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். கேனிஸ்டர் என்பது மூடிய டப்பா. அதற்குள் இருந்து மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவுக்கு ஓடும் தண்ணீர்தான் மூச்சு. ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். அப்புறம் அங்கே சேர்ந்திருக்கும் கழிவு ஆக்சிஜன் இல்லாமல் அழுகும், ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். திரும்ப மின்சாரம் கொடுத்ததும் அந்த விஷத்தை நானே பம்ப் வைத்துத் தொட்டிக்குள் அடித்திருக்கிறேன். ஒன்பது மணி நேரத்தைத் தாங்கிய மீன், அடுத்த ஒரு நிமிடத்தில் அடிபட்டது. குழாயைக் கழற்றி, அந்தத் தண்ணீரை வாளியில் கொட்டிவிட்டு ஓடவிட்டிருந்தால் போதும்.

இதை எழுதுவதற்குக் காரணமே அதுதான். கேனிஸ்டர் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் விழுந்தது

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் எல்லாச் சுற்றுகளுக்கும் சேர்த்து ஒரே ஆர்சிசிபி. எங்கே கசிவு வந்தாலும் வீடு முழுக்க அணைந்துவிடும். பம்பை ஒரு பிளக்கிலும், தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் அலைபம்பை வேறு அறை பிளக்கிலும் போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். ஆர்சிசிபி விழும்போது அதனால் ஒரு பயனும் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

கசிவு எங்கிருந்து? கேபினட்டுக்குள் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து. உப்புத்தண்ணீர் கம்பி வழியாக ஊர்ந்து வந்து, காய்ந்து, வெள்ளையாகப் பூத்து, திரும்ப ஈரமாகி, பிளக் துளைக்குள் போய்விட்டது. கம்பி தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்கு இறங்கியது. இடையில் ஒரு தொங்கல் விட்டிருந்தால் சொட்டு அந்தத் தொங்கலின் அடியிலேயே விழுந்திருக்கும். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து மற்றச் சுற்றுகளையும் பார்க்கச் சொன்னேன். குறை அந்தப் பெட்டியில் மட்டும்தான்.

என்ன செய்வது என்று முடிவு செய்தது

தொட்டி 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். கணக்குக்கு 182 லிட்டர், பாறையும் மணலும் போக 150 லிட்டர் இருக்கும். மூன்று வருடமாகக் கேனிஸ்டரிலும், பக்கச்சுவரில் மாட்டிய ஒரு சின்ன ஸ்கிம்மரிலும் (கழிவை நுரையாக்கி எடுக்கும் கருவி) ஓடியது. நைட்ரேட் 60 பிபிஎம், பாஸ்பேட் 0.32. கண்ணாடியில் இரண்டு நாளைக்கு ஒருமுறை பச்சை பூசும். எப்படியும் மாற்ற வேண்டிய நிலைதான். மின்சாரம் நின்றது அந்த முடிவைச் சீக்கிரமாக்கியது.

சரி, சம்ப் போடலாம் என்று முடிவு செய்தேன். ஊரில் சம்ப் என்றால் வாசலில் மண்ணுக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. இங்கே அது பெரிய தொட்டிக்குக் கீழே கேபினட்டில் வைக்கும் இரண்டாவது கண்ணாடித் தொட்டி. மேலிருந்து தண்ணீர் தானாக வழிந்து கீழே வரும், கீழிருந்து பம்ப் மேலே ஏற்றும். ஸ்கிம்மர், பாசி, எல்லாம் கீழே. மூடிய டப்பா எதுவும் இல்லை. பம்ப் நின்றாலும் சம்ப் தண்ணீரின் மேல்பரப்பு காற்றைத் தொட்டுக்கொண்டே இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான்.

ஒவ்வொரு பொருளையும் வாங்கும் முன் ஒரே கேள்வி கேட்டேன்: இது நின்றால் என்ன ஆகும்? திரும்ப ஓடினால் என்ன ஆகும்? கடையில் "எவ்வளவு நன்றாக ஓடும்" என்பதற்குத்தான் பதில் கிடைக்கும். மற்றதை நாமே கணக்குப் போட வேண்டும்.

அளவு

கேபினட் கதவின் திறப்பு எவ்வளவு என்று பார்க்காமல் சம்ப் வாங்கிவிடாதீர்கள். அட்டைப்பெட்டியை 60×35×38 அளவில் வெட்டி ஒட்டி, உள்ளே நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் கொடுத்தேன். அப்படியும் ஒன்றை விட்டுவிட்டேன். ஸ்கிம்மரின் கோப்பையைக் கழற்ற வேண்டுமென்றால் அதை நேராக மேலே தூக்க வேண்டும். தூக்கும் வழியில் என் பிவிசி குழாய் குறுக்கே போனது. ஒட்டிய குழாயை அறுத்து, வேறு வழியாகத் திருப்ப அரை நாள் போயிற்று.

இனி தண்ணீர்க் கணக்கு. என் தொட்டியில் 1 செ.மீ. உயரம் என்பது 90×45×1, அதாவது சுமார் 4 லிட்டர். சம்பில் 1 செ.மீ. என்பது 2.1 லிட்டர். பம்ப் நின்றதும், மேலே தண்ணீரை விடும் குழாய் எதிர்த்திசையில் உறிஞ்ச ஆரம்பிக்கும். அதன் வாய் நீர்மட்டத்துக்கு 6 செ.மீ. கீழே இருந்தால் 24 லிட்டர் கீழே இறங்கும். மேல்தொட்டி நீர் வழிந்து விழும் வழிபெட்டியிலும் குழாயிலும் இருப்பது இன்னும் 4 லிட்டர். சம்பில் 22 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஓடினால் மேலே மிச்சம் 16 செ.மீ., 33 லிட்டருக்கு இடம். 28 லிட்டர் கொள்ளும்தான், ஆனால் என் மனம் ஒப்பவில்லை. குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே தூக்கிவைத்தேன். இப்போது இறங்குவது மொத்தமே 12 லிட்டர்.

குழாயில் ஒரு சின்னத் துளை போட்டால் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தத் துளையைச் சுண்ணாம்புப் பாசியோ ஒரு குட்டி நத்தையோ அடைத்துவிடும். ஒருவழி வால்வும் அப்படித்தான், ஒரு மணல் துகள் மாட்டினால் மூடாது. துளை போட்டிருக்கிறேன், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடவில்லை.

கண்ணாடியில் துளை

பயந்த வேலை இது. தொட்டியின் பின்கண்ணாடியில் இரண்டு துளை. ஒன்று முக்கிய வழிகுழாய்க்கு, மற்றது ஆபத்துக்கு. முக்கியக் குழாயில் கேட் வால்வு வைத்து, குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்து சத்தமில்லாமல் இறங்கும்படி திருகிக்கொள்ளலாம். அது அடைத்துக்கொண்டால் மட்டம் சற்று உயர்ந்து இரண்டாவது குழாய் வேலையை எடுத்துக்கொள்ளும். அதில் வால்வே கிடையாது, வைக்கவும் கூடாது.

முதலில் அது டெம்பர்டு கண்ணாடியா என்று பார்க்க வேண்டும். டெம்பர்டு என்றால் துளைத்தவுடன் முழுதும் நொறுங்கிவிடும். மடிக்கணினியில் வெள்ளைத் திரையை வைத்து, கண்ணாடிக்குப் பின்னால் பிடித்து, போலராய்டு கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். கறுப்புக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பித் திரை இருண்டு போகும் கோணத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். சாதாரணக் கண்ணாடி என்றால் இருட்டு அப்படியே இருக்கும். டெம்பர்டு என்றால் வரிவரியாக, திட்டுத்திட்டாக வெளிச்சம் தெரியும். என் அடிக்கண்ணாடியில் திட்டுகள் தெரிந்தன, பின்கண்ணாடி சுத்தமாக இருட்டு. அதனால் பின்னால் துளைக்க முடிந்தது.

ஞாயிறு காலை அக்கா மகன் வந்துவிட்டான். மூன்று பெரிய பிளாஸ்டிக் பெட்டிகள். பாறைகள் ஒன்றில், பவளங்கள் ஒன்றில், மீன்கள் ஒன்றில். எல்லாவற்றிலும் தொட்டித் தண்ணீர்தான், ஒவ்வொன்றிலும் ஓர் அலைபம்ப் அல்லது காற்றுக்கல். பாறையை நனைத்தே வைத்திருக்க வேண்டும், தொட்டியின் பாக்டீரியாவில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. ஸோவாந்தஸ் பவளம் ஒட்டிய கல்லைக் கையுறை இல்லாமல் தொடாதே என்று அவனிடம் இரண்டு முறை சொன்னேன். சில ஸோவாந்தஸ் வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் உண்டு. கையில் சின்ன வெட்டு இருந்தாலும் ஆபத்து. அந்தப் பாறையை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைப்பதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை, ஆவியே ஆளைச் சாய்த்துவிடும்.

குழாயைக் கண்ணாடித் துளையில் கசியாமல் பொருத்தும் பல்க்ஹெட்டைக் கையில் வாங்கி, அதன் கழுத்தை அளந்த பிறகுதான் வட்டத் துளை அறுக்கும் வைர ஹோல்சா வாங்கினேன். பெட்டியில் போட்டிருக்கும் அளவு குழாயின் அளவு, துளையின் அளவு அல்ல. துளையின் விளிம்புக்கும் கண்ணாடியின் விளிம்புக்கும் இடையே குறைந்தது ஒரு துளையின் விட்டம் அளவு இடம் விட்டேன். உள்பக்கம் டேப் ஒட்டினோம். வெளிப்பக்கம் துளையைச் சுற்றி விளையாட்டுக் களிமண்ணால் வரப்புக் கட்டி, தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும்படி வைத்தோம். டிரில்லை மிக மெதுவான வேகத்தில் வைத்து, முதலில் சாய்வாகப் பிறைபோல் ஒரு தடம் பிடித்து, பிறகு நேராக்கினேன். அழுத்தம் என் கையின் எடை அளவுக்குத்தான். 8 மி.மீ. கண்ணாடிக்குப் பத்து நிமிடம் ஆனது. கடைசி ஒரு மில்லிமீட்டரில் அவசரப்பட்டால் பின்பக்கம் சில்லு தெறிக்கும்.

"மாமா, சத்தம் மாறுது, கொஞ்சம் விட்டுப் பிடிங்க" என்றான். விட்டுப் பிடித்தேன். வட்டத் துண்டு டேப்போடு அவன் கையில் விழுந்தது. அதை இன்னும் மேசையில் வைத்திருக்கிறேன்.

பல்க்ஹெட்டின் ரப்பர் வளையம் தலைப்பகுதி இருக்கும் பக்கத்தில், அதாவது உள்ளே. கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று. ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கண்ணாடி விரியும்.

சம்புக்குள்

தண்ணீர் முதலில் 200 மைக்ரான் வடிபைக்குள் விழுகிறது. இந்தப் பையை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்ற முடியாதவர்கள் போடாமலே இருக்கலாம். அழுக்கைப் பிடித்துவைத்து அங்கேயே ஊறவிட்டால் நைட்ரேட்தான் ஏறும். ஆறு பைகள் வாங்கி வைத்திருக்கிறேன்.

சம்பைத் தடுப்புகள் சில அறைகளாகப் பிரிக்கின்றன, அடுத்த அறையில் ஸ்கிம்மர். புரதம், கொழுப்பு போன்ற கழிவு மூலக்கூறுகளுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறு முனை வெறுக்கும். அதனால் காற்றுக்குமிழின் தோலில் போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்கிம்மர் நுண்ணிய குமிழிகளை அடித்து, அந்த நுரையை மேலேற்றிக் கோப்பையில் கொட்டுகிறது. புது ஸ்கிம்மர் முதல் ஐந்து நாள் பைத்தியம் பிடித்ததுபோல் பொங்கியது. உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய், புது சிலிக்கான், என் கையில் இருந்த க்ரீம் எல்லாம் சேர்ந்த வேலை. கோப்பையை முழுக்க உயர்த்திவைத்துப் பொறுத்திருந்தால் அடங்கிவிடும். அது இருக்கும் அறையின் நீர்மட்டம் மாறக்கூடாது என்பது முக்கியம். மட்டம் இரண்டு செ.மீ. ஏறினாலே தண்ணீர் தண்ணீராகக் கொட்டும்.

இதில் எதிர்பாராத நன்மை ஒன்று. குளிர்சாதனம் போட்டு ஜன்னல் மூடிய வீட்டில் கரியமிலவாயு சேரும். இரவில் என் தொட்டியின் பிஹெச் 7.8-க்கு இறங்கும். ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். மறுநாளிலிருந்து இரவில்கூட 8.0-க்குக் கீழே போவதில்லை. செலவு மூன்று மீட்டர் குழாய்.

நடு அறையில் கீட்டோமார்ஃபா பாசி, சிக்கு விழுந்த பச்சை நைலான் நூல்போல. மேல்தொட்டி விளக்கு அணைந்ததும் கீழ் விளக்கு எரியும். பகலில் மேலே பவளத்துக்குள் இருக்கும் பாசியும், இரவில் கீழே இதுவும் கரியமிலவாயுவை இழுத்துக்கொள்கின்றன. பாசி வளர வளர நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தின்கிறது. மாதம் ஒருமுறை பாதியைப் பிய்த்து எறிந்தால் அவ்வளவும் தொட்டியை விட்டு வெளியேறிவிடும்.

கடைசி அறையில், தண்ணீரை மேலே ஏற்றும் 24 வோல்ட் டிசி ரிட்டர்ன் பம்ப். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குத் தனியாக ஒரு சின்ன பம்ப், சம்பிலிருந்து எடுத்துச் சம்புக்கே விடுகிறது. எங்கள் ஹாலில் சாதாரணமாகவே 30 டிகிரி. தொட்டியை 26-ல் வைத்திருக்கிறேன். சில்லரைக் கேபினட்டுக்குள் அடைக்க வேண்டாம். அது தள்ளும் சூட்டை அதுவே திரும்ப இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். 2016-ல் கடல் சூடாகி இங்கே சிங்கப்பூர்த் தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்களே வெளுத்துப்போயின. கடலுக்கே அந்தக் கதி என்றால், 150 லிட்டர் எத்தனை நேரம் தாங்கும்?

ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டத் தானியங்கி நிரப்பி: மட்டம் இறங்கியதைச் சென்சார் கண்டால் ஒரு வாளியிலிருந்து பம்ப் ஊற்றும். ஆவியாவது நன்னீர் மட்டும், உப்பு தங்கிவிடும், அதனால் நிரப்புவதும் நன்னீர்தான். இங்கே குழாய்த் தண்ணீரில் கிருமிநீக்கியாகக் குளோரமின் இருக்கிறது. கார்பன் அதை உடைத்தால் அம்மோனியா மிஞ்சும், ஆர்ஓ-வும், கரைந்த அயனிகளைப் பிடிக்கும் டிஐ ரெசினும் சேர்ந்து அதை எடுக்கின்றன. கரைந்திருக்கும் பொருள்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீர் மட்டுமே உள்ளே போகும். சென்சார் கெட்டு முழு வாளியையும் கொட்டிவிட்டால்? வாளியை 15 லிட்டருக்கு மேல் வாங்கவில்லை. சம்போடு சேர்த்து என்னிடம் இருப்பது சுமார் 190 லிட்டர், உப்பளவு ஆயிரத்துக்கு 35. பதினைந்தும் ஒரேயடியாக விழுந்தாலும் 32-க்குச் சற்று மேலேதான் நிற்கும். மீன் பிழைக்கும், பவளமும் சுருங்கிவிட்டுத் தேறும். குழாயின் நுனி வாளியின் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், கீழே இருந்தால் பம்ப் நின்ற பிறகும் தானாக உறிஞ்சி ஊற்றும். வாளிக்கு இறுக்கமான மூடி. நன்னீரில் கொசு முட்டையிட்டால் தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் போடும், அதைவிட டெங்கி பயம் பெரிது.

கேனிஸ்டரை ஒரே நாளில் தூக்கி எறியவில்லை. அதிலிருந்த பீங்கான் வளையங்களைத் தொட்டித் தண்ணீரில் அலசி, வலைப்பையில் போட்டுச் சம்பில் வைத்தேன். பிறகு வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்காக அவற்றை வெளியே எடுத்தேன். அம்மோனியா எந்த நாளிலும் ஏறவில்லை.

மின்சாரத்துக்கு: எக்ஸ்டென்ஷன் பெட்டி கேபினட்டின் வெளிச்சுவரில் இடுப்புயரத்தில். ஒவ்வொரு கம்பிக்கும் தொங்கல். மின்சாரம் போனதும் தானாக ஓடும் பேட்டரி காற்றுப்பம்ப் ஒன்று, அதன் காற்றுக்கல் மேல்தொட்டியில் நிரந்தரமாக.

அணைத்துப் பார்த்தது

எல்லாம் ஓட ஆரம்பித்த அன்று இரவு, தரையில் பழைய துண்டுகளை விரித்து, மெயின் சுவிட்சை அணைத்தேன். வழிபெட்டி கடகடவென்று உறிஞ்சியது. சம்பில் மட்டம் ஏறிக்கொண்டே வந்தது. கைவிளக்கை அடித்துப் பார்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். 28 செ.மீ. கோட்டில் நின்றது. கணக்கு சரி. காற்றுப்பம்ப் டர்ரென்று ஓடியது. திரும்ப ஆன் செய்ததும் ரிட்டர்ன் பம்ப் சில நொடியில் எழுந்தது, ஆனால் ஸ்கிம்மர் உயர்ந்த மட்டத்திலேயே ஓட ஆரம்பித்துக் கோப்பையை நிரப்பிவிட்டது. அதற்கு மட்டும் பத்து நிமிடம் தாமதமாக ஆன் ஆகும் பிளக் வாங்கினேன். அடுத்து, முக்கிய வழிகுழாயின் வாயைக் கையால் அடைத்தேன். இரண்டாவது குழாய் சத்தத்தோடு எடுத்துக்கொண்டது. அந்தச் சத்தம்தான் எச்சரிக்கை மணி. இப்படி அன்று ஐந்து முறை அணைத்து அணைத்துப் பார்த்தோம்.

நைட்ரேட் நான்கு வாரத்தில் 25-க்கும், பத்து வாரத்தில் 8-க்கும் வந்தது. பாஸ்பேட் மெதுவாகத்தான் இறங்கியது. பாறை மூன்று வருடமாகக் குடித்துவைத்ததைத் திரும்ப விட்டுக்கொண்டே இருந்தது. பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் இரும்பு ஆக்சைடு மீடியாவைச் சொன்ன அளவில் கால் பங்கு மட்டும் போட்டேன். இப்போது 0.09. இதற்கு மேல் விரட்டப்போவதில்லை. இரண்டும் பூஜ்யத்துக்குப் போனால் பவளம் பட்டினி கிடக்கும், பழுப்பு நூல்போல டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் வந்து மணலை மூடும்.

மார்ச்சில் ஒருநாள் அடுப்படியில் பழைய கெட்டில் ஒன்று கெட்டுப்போய் ஆர்சிசிபி மறுபடி விழுந்தது. வெளியே போயிருந்தோம். வந்தபோது நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. ஹால் இருட்டு, ஆனால் காற்றுப்பம்பின் சத்தம் கதவுக்கு வெளியிலேயே கேட்டது. தரை உலர்ந்திருந்தது. தொட்டி 28 டிகிரி. சம்பை முகர்ந்து பார்த்தேன், கடல் வாசனைதான். கெட்டிலின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சுவிட்சைத் தள்ளினேன். கோமாளி மீன் இரண்டும் கண்ணாடியோரம் வந்து நின்றன, சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டிருந்தது.

புது டார்ச் ஒன்று வாங்கியிருக்கிறேன். தாய்ப் பவளத்திலிருந்து வெட்டி வளர்த்த ஒரு தலைத் துண்டு. பழையது இருந்த அதே கல்லில் வைத்திருக்கிறேன்.